எழுபதுக்குள்

ஜெர்மனில் எழுதினால் நூற்றறுபது எழுத்து.
தமிழில் எழுதினால் எழுபது.
அதற்கு மேல் ஒரு புள்ளி கூடினாலும்
இரண்டு செய்தி, இரண்டு காசு என்று
மென்பொருள்காரன் போனில் சொன்னான்.
திருமதி எஷ்லிமான் அதைக் குறித்து, அடிக்கோடிட்டு,
என் மேசையில் வைத்துவிட்டுப் போனா.

லங்கன்தாலில், வெள்ளத்துக்குப் பயந்து
உயர்த்திக் கட்டிய நடைபாதை ஓரம்
எங்கள் கிளினிக். இரண்டாம் மாடி.
போன வருசம் சொல்லாமல் வராதவர்களின் பட்டியலில்
பதினொரு தமிழ்ப் பெயர்.
ஆளுக்கு ஐம்பது பிராங்க் தண்டம்.
"உங்கள் மொழியில் ஒருக்கால் ஞாபகப்படுத்திப் பாருங்கள்"
என்றார் டொக்டர் லூதி,
சுவிட்சைத் தட்டினால் லைட் எரியும் என்கிற மாதிரி.

உயிர்மெய் ஓரெழுத்து என்று
சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்தேன்.
இங்கே உயிரையும் மெய்யையும் பிரித்து விலை போடுகிறார்கள்.
கொம்புக்குக் காசு, சுழிக்குக் காசு,
மெய்யின் தலையில் வைக்கிற புள்ளிக்கும் காசு.
கிளினிக்கில் இருந்துகொண்டு இதைக் கேட்க
ஒரு மாதிரி இருந்தது.

'தயவுசெய்து' பத்து. வெட்டினேன்.
'மறக்காதீர்கள்' பதின்மூன்று.
மறந்தவரைத் திட்டுகிற சொல், அதுவும் போகட்டும்.
'வாருங்கள்' ஒன்பது.
'வாங்கோ' ஆறு.
மூன்று எழுத்து மிச்சம் பிடிக்க
மேடையிலிருந்து இறங்கி வந்தேன்.

     நாளை 8.20 மணி. டொக்டர் லூதி. சாப்பிடாமல் வாங்கோ. வராட்டி சொல்லுங்கோ.

அறுபத்தெட்டு. விரல் விட்டு இரண்டு தரம் எண்ணினேன்.
'இது தானியங்கிச் செய்தி, பதில் எழுத வேண்டாம்' என்று
எழுத இடமில்லை.

முதல் பதில் அன்று மத்தியானமே வந்தது.
'ஓம் பிள்ளை.'
பிறகு, 'தண்ணி குடிக்கலாமோ?'
பிறகு ஒரு கைகூப்பல், ஒரு ரோசாப்பூ.
'நான் சாப்பிடாமல் வாறன். நீங்கள் சாப்பிட்டாச்சோ?'
கமலாம்பிகை என்றொருவர் கேட்டிருந்தா.
திருமதி எஷ்லிமானுக்கு மொழிபெயர்த்தேன்.
"யாரைக் கேட்கிறா?"
"கணினியை" என்றேன்.
அந்தக் கேள்வி இரண்டு நாள் திறந்தபடியே கிடந்தது,
மூட மனம் வரவில்லை.

நவம்பரில் ஒரு திங்கள்,
ஏழரைக்குப் பெட்டியைத் திறந்தால்
இரவு இரண்டு பத்துக்கு வந்த ஒன்று.
தர்மகுலசிங்கம். வெதுப்பகத்தில் இரவு வேலை.
பட்டியலில் மூன்று தரம் இருந்த பெயர்.

     முந்தி வராமல் விட்டது மறதியில்லை.
     போனால் ஏதும் சொல்லிப்போடுவினம் எண்டு பயம்.
     விடிய மனுசியையும் கூட்டிக்கொண்டு வரலாமோ?

எண்ணாமல் எழுதியிருந்தார். நூறுக்கு மேலே இருக்கும்.
ஆறு மணி நேரத்தில் அவருடைய முறை;
அதில் ஐந்தரைக்குக் கிட்ட
யாரும் வாசிக்காமலே போயிருந்தது.

பயப்பட வேண்டாம் என்று எழுதி அழித்தேன்.
டொக்டர் நல்லவர் என்று எழுதி அழித்தேன்.
ரத்தத்தில் என்ன வரும் என்று எனக்குத் தெரியாது,
தெரிந்தாலும் நான் எழுதக்கூடாது.

     கூட்டிக்கொண்டு வாங்கோ. இரண்டு கதிரை போட்டு வைக்கிறன். அவ சாப்பிட்டு வரலாம்.

அனுப்பின பிறகுதான் எண்ணினேன்.
எழுபத்தைந்து.

எட்டு பதினெட்டுக்கு லிப்ட் திறந்தது.
புருவத்தில் மாவோடு அவர்.
அவருடைய ஜாக்கெட்டையும் சேர்த்துப் பிடித்தபடி அவ.
என்னை இருவரும் பார்க்கவில்லை,
கதிரைகளைப் பார்த்தார்கள்.

மாதக் கடைசியில் பில்லோடு
திருமதி எஷ்லிமான் வந்தா, பேனா முனை ஒரு வரியில்.
"இந்த ஒன்று மட்டும் ஏன் இரண்டு?"

"இரண்டு பேர் வந்தவை" என்றேன்.